ஆடத் தெரியும், ஆட்டுவிக்க எங்கே தொடங்குவது?

புதுத்தாளம் (கேள்வி):
வணக்கம். பரதத்தில் முழு மார்க்கமும் (கச்சேரிக்கான நடன வரிசை) மேடையில் ஆடிய ஒருவர் இனி வகுப்பு எடுக்கவும் சொந்தமாக உருப்படி (தனி நடனம்) அமைக்கவும் நினைத்தால் முதலில் எதைக் கற்க வேண்டும்? ஜதி (தாளச் சொற்களின் கோவை) கட்ட உட்கார்ந்தால் தீர்மானம் (அதை முடிக்கும் பகுதி) சமத்துக்கு (தாளச் சுற்றின் முதல் எண்ணிக்கைக்கு) வர மறுக்கிறது. தாளக்கருவியைக் கையில் எடுத்தால் சொல்லும் கையும் சேருவதில்லை. ஏழெட்டுப் பேரை வைத்து அமைத்தால் மேடை சந்தைக்கடை ஆகிவிடுகிறது.

மிஸ்ரசாபு:
முதலில் நட்டுவாங்கம், அதாவது தாளக்கருவி வாசித்து ஜதி சொல்லி ஆட்டுவிப்பது. மற்றதெல்லாம் அதற்குப் பிறகு.

ஆடும்போது கணக்கை உடம்பு பார்த்துக்கொள்ளும். உட்கார்ந்து ஆட்டுவிக்கும்போது அந்த உதவி கிடையாது. இரும்பும் வெண்கலமுமான அந்த ஜோடித் தாளம் ஆதி தாளத்தின் எட்டு எண்ணிக்கையை வாசிப்பதில்லை, ஆடுபவரின் பாதத்தை வாசிக்கிறது. எண்ணிக்கை உள்ளே தனியாக ஓடவேண்டும். அதனால் வரிசை இதுதான்: கையில் தாளம் போட்டுச் சொற்கட்டு (ஜதியின் வாய்ச்சொற்கள்), பிறகு தட்டுக்கழியில் (கட்டையில் தட்டும் கோலில்) அதே சொற்கட்டு, கடைசியில்தான் தாளக்கருவி. மூன்று காலமும் (வேகமும்) நிறுத்தாமல் சொல்லிப் பாருங்கள். இரண்டாம் காலத்திலிருந்து மூன்றாவதுக்குப் போகும்போது பலர் தம்மை அறியாமல் ஓடிவிடுவார்கள், வர்ணம் என்ற நீண்ட உருப்படியில், மூன்று வேகத்திலும் வரும் திரிகால ஜதியில் அது அப்பட்டமாகத் தெரியும். இன்னொன்று, எல்லா அடியையும் திறந்து ஒலிக்க விடாதீர்கள். வேகச் சொற்களுக்கு அடக்கி வாசிக்காவிட்டால் ஜதியும் கேட்காது, மிருதங்கமும் கேட்காது.

தீர்மானத்தைப் பின்னாலிருந்து கட்டுங்கள். ஆதி தாளம், சதுஸ்ர நடை (எண்ணிக்கைக்கு நான்கு மாத்திரை): 8 × 4 = 32 மாத்திரை. ‘ததிங்கிணதொம்’ மூன்று முறை 15. இடையில் இரண்டு இடத்தில் 2 மாத்திரைக் கார்வை (இடைவெளி) விட்டால் 19. 32-இல் 19 போக 13, ஆகவே நான்காவது எண்ணிக்கையின் இரண்டாம் மாத்திரையில் தொடங்க வேண்டும். பாட்டு சமம் தள்ளி அரை இடத்தில் எடுப்பு (பாட்டு தொடங்கும் இடம்) என்றால் தொடக்கமும் 2 மாத்திரை தள்ளும். ரூபக தாளத்தில் ஒரு ஆவர்த்தனம் (தாளச் சுற்று) 12 மாத்திரைதான், 19 கொள்ளாது. இரண்டு ஆவர்த்தனம் எடுத்து 5 விட்டுத் தொடங்குங்கள். உங்களுக்கு சமம் தப்புவதற்குக் காரணம் பெரும்பாலும் மூன்றாவது ததிங்கிணதொம்முக்குப் பிறகும் பழக்கதோஷத்தில் கார்வை விடுவது. அங்கே கார்வை கிடையாது, அடுத்த மாத்திரையே எடுப்பு.

வாயில் அழகாக உருளும் ஜதியெல்லாம் காலுக்கு ஒத்துவராது. அடவை (அடிப்படை ஆட்ட அசைவை) முதலில் தேர்ந்தெடுத்து அதன்மேல் சொல்லை வையுங்கள்.

அரைமண்டி:
கணக்கு ஒரு பக்கம். வகுப்பில் பிள்ளைகளின் முழங்காலைக் கவனிப்பவர்தான் ஆசிரியர். அரைமண்டியின் (முழங்காலைப் பக்கவாட்டில் மடித்து நிற்கும் நிலையின்) விரிப்பு இடுப்பு மூட்டிலிருந்து வரவேண்டும், முழங்கால் பாதவிரல்களின் திசையிலேயே போகவேண்டும். பாதத்தை மட்டும் பக்கவாட்டில் திருப்பி முழங்கால் உள்ளே சாய்ந்தால் வலி நிச்சயம். ஆழம் குறைந்தாலும் பரவாயில்லை, திசை தப்பக்கூடாது. தட்டடவு (பாதத்தைத் தட்டும் முதல் அடவு) முதல் காலத்தில் நிலைக்கும் முன் மூன்றாம் காலத்துக்கு இழுத்தால் ஒவ்வொரு தட்டுக்கும் இடுப்பு மேலே எழும். அதைப் பிறகு மாற்றுவது புதிதாகக் கற்பிப்பதைவிடக் கஷ்டம். வெறும் சிமென்ட், கிரானைட் தரையில் நீண்ட வகுப்பு வேண்டாம், கெண்டைக்கால் எலும்பு வலிக்கும். மரத்தளம் நல்லது.

பிள்ளைகளைப் பார்த்து நின்று ஆடிக்காட்டினால் வலம் இடம் மாறும். கண்ணாடிபோல எதிர்ப்பக்கம் ஆடிப் பழகுங்கள், அல்லது முதுகு காட்டி நில்லுங்கள். இரண்டையும் ஒரே வகுப்பில் கலக்கவே கூடாது.

மேடைமூலை:
குழு அமைப்புக்கு ருக்மிணி தேவி நல்ல பாடம். 1935-இல் மேடையேறியவர், 1936-இல் கலாக்ஷேத்ரா என்ற கலைப்பள்ளியைத் தொடங்கினார், 1944-இல் குற்றாலக் குறவஞ்சி நாட்டிய நாடகம். பிறகு ராமாயண நாட்டிய நாடகங்கள் ஆறு, 1955 முதல் 1970 வரை. அவற்றுக்கு இசை மைசூர் வாசுதேவாச்சார், அவருக்குப் பின் பேரன் ராஜாராம். எல்லாவற்றையும் தானே செய்யவேண்டும் என்று ருக்மிணி தேவி நினைக்கவில்லை. இசைக்கென்று ஆள், நடனத்துக்கென்று ஆள்.

சந்தைக்கடைக்கு மருந்து: நாட்டியாரம்பத்தில் (ஆட்டத்தின் தொடக்க நிலையில்) கை விரித்தால் ஒருவருக்குக் குறைந்தது ஆறடி அகலம் வையுங்கள். முப்பதடி மேடையில் ஒரு வரிசைக்கு ஐந்து பேர்தான். எட்டுப் பேர் என்றால் இரண்டு வரிசை, பின்வரிசை இடைவெளிகளில். நடுக்கோட்டையும் கால்பாகங்களையும் டேப் ஒட்டிக் குறியுங்கள். இடமாற்றத்தைத் தீர்மானத்தில் வைக்காதீர்கள், அங்கே எல்லோரும் நிற்கவேண்டும். சறுக்கல் மாதிரி நகரும் அடவில் மாற்றுங்கள். உங்கள் மாணவிகள் ஒரு ஆவர்த்தனத்தில் எத்தனை அடி நகர்கிறார்கள் என்று டேப் வைத்து அளந்துவிட்டுப் பாதையை வரையுங்கள். தட்டுமெட்டு அடவை (பாதமும் குதிகாலும் தட்டுவது) நின்ற இடத்திலேயே விட்டுவிடுங்கள்.

புதுத்தாளம்:
ரொம்ப நன்றி. வர்ணத்தில் சஞ்சாரி (வரியின் பொருளை விரித்து அபிநயிப்பது) வரும் இடத்தில் பாட்டும் ஆட்டமும் பிரிந்துபோவதற்கு என்ன செய்வது?

மிஸ்ரசாபு:
பாடுபவருக்கு நீங்கள் சொல்லவில்லை என்று அர்த்தம். ஒவ்வொரு வரிக்கும் ‘இத்தனை முறை பதார்த்தம் (சொல்லுக்குச் சொல் அபிநயம்), இத்தனை முறை சஞ்சாரி’ என்று தாளில் எழுதிக் கொடுங்கள். நடுவில் நீட்ட வேண்டியிருந்தால் ஒரு கண் சாடை முன்பே பேசிவைக்கவும். அடுத்த ஜதிக்கு முந்தைய ஆவர்த்தனத்தில் நட்டுவாங்கம் செய்பவர் தலை நிமிர்ந்து மிருதங்கத்தைப் பார்க்கவேண்டும். பாதிப் பேர் அப்போதுதான் நோட்டைப் புரட்டுகிறார்கள்.