அனஸ்தீசியா (மயக்க மருந்து) ரெசிடென்சி: இன்னும் உறுத்தும் அந்த ஒரு கேஸ் (ஃபோரம் உரையாடல்)

தூங்காத ரெசிடென்ட்
முதல் வருடம், நடுராத்திரி எமர்ஜென்சி, குடல் அடைப்பு. மூச்சுக்குழாய்க்குள் ட்யூப் போட்டது சீனியர், வயிற்றிலிருப்பது மேலே வராமலிருக்கக் கழுத்திலுள்ள கிரிகாய்டு குருத்தெலும்பை அழுத்திப் பிடித்திருந்தது நான். "உள்ள போனதைப் பார்த்தேன், கஃப் ஊது" என்றார்; ட்யூப் முனையிலுள்ள பலூன்தான் கஃப். மூச்சு கொடுக்கும் பேக்கை அழுத்தினேன். வெளிமூச்சின் கார்பன் டை ஆக்சைடை அலையாகக் காட்டும் கேப்னோகிராஃபில் சின்னதாக ஒரு மேடு, அடுத்தது அதைவிடச் சின்னது, அப்புறம் வெறும் கோடு. ட்யூப் உணவுக்குழாய்க்குள் போயிருந்தால் இப்படித்தான் வரும். "சார், ட்ரேஸ் வரலை." "சாம்ப்ளிங் லைன்ல தண்ணி அடைச்சிருக்கும், பாரு."

ரத்த ஆக்சிஜன் அளவான சாச்சுரேஷன் 99. முன்கூட்டி ஆக்சிஜன் கொடுத்திருந்தோமே, குறைய நேரமாகும். ட்யூபில் ஆவி வேறு படிந்தது. எல்லாமே அவர் பக்கம் சாட்சி சொன்னது. நான் வெளிமூச்சை மானிட்டருக்குக் கொண்டுபோகும் அந்த லைனைக் கழற்றி, என் மாஸ்க்கை இறக்கி, அதன் முனையில் ஊதினேன். மானிட்டரில் அழகாக ஒரு அலை எழுந்தது. லைனில் அடைப்பில்லை. அவர் அதைப் பார்த்தார், ஒன்றும் சொல்லாமல் ட்யூபை உருவினார். மறுபடி போட்டதும் கார்பன் டை ஆக்சைடு 38 வந்தது, இயல்பான அளவு. அதற்குள் ஆக்சிஜன் குறைந்து பீப் ஒலியின் சுருதி இறங்கத் தொடங்கியிருந்தது. நோயாளிக்கு ஒன்றும் ஆகவில்லை. ஆனால் சார்ட்டில் 'முதல் முயற்சியிலேயே' என்று அவர் கையாலேயே எழுதினார். அந்தக் கையெழுத்து இன்னும் கண்ணிலேயே நிற்கிறது.

பழைய வேப்பரைசர்
கடுமையான பிராங்கோஸ்பாசம் (நுரையீரல் காற்றுக்குழல்கள் இறுகுவது) என்றாலும்தான் கோடு தட்டையாகும். சரியான இடத்தில் இருந்த ட்யூபை உருவிவிட்டுத் திரும்பப் போட முடியாமல் போயிருந்தால் யார் பொறுப்பு? ராத்திரி முழுக்க நின்ற சீனியரைக் குறை சொல்வது சுலபம். எனக்கும் அப்படி ஒரு கேஸ் உண்டு, நேரம் கிடைக்கும்போது எழுதுகிறேன்.

ஸ்பைனல் அக்கா
என்னுடையது இவ்வளவு பரபரப்பில்லை. சிசேரியன் கேஸ், முதுகில் ஊசி போட்டு உடலின் கீழ்ப்பகுதியை மரக்கச் செய்யும் ஸ்பைனல், எனக்கு அதுதான் முதல். ஊசி எலும்பில் இடிக்கிறது. பக்கத்தில் நின்ற கன்சல்டன்ட், "கொஞ்சம் மேல திருப்பு, இன்னும் கொஞ்சம்" என்று மெதுவாகத்தான் சொன்னார். குனிந்து உட்கார்ந்திருந்த அந்தப் பெண், "இவங்களுக்கு இதுதான் முதல் தடவையா டாக்டர்?" என்று கேட்டார். "சேச்சே, நிறைய போட்டிருக்காங்க" என்றார் கன்சல்டன்ட், சிரித்தபடி. "எனக்குக் காது நல்லா கேக்கும். பரவாயில்லம்மா, நான் அசையாம இருக்கேன், நீ நிதானமா பண்ணு" என்றார் அந்தப் பெண் என்னிடம். அடுத்த முறை தெளிந்த திரவம் சொட்டியது. அப்புறம் பிரஷர் இறங்கியது, அதை ஏற்ற ஃபினைலெஃப்ரின் கொடுத்தோம், குழந்தை அழுதது, எல்லாம் வழக்கம்போல. அந்தப் பொய் யாருக்காகச் சொல்லப்பட்டது என்றுதான் இன்றுவரை புரியவில்லை.

மூன்றாவது கண்
பழைய வேப்பரைசர், உங்களோடு எனக்கு உடன்பாடில்லை. டான்சில் முடிந்து ட்யூப் எடுத்த குழந்தைக்கு லாரிங்கோஸ்பாசம் (குரல்வளை இறுகி மூடிக்கொள்வது) வந்ததை நான் பார்த்திருக்கிறேன். நெஞ்சு இழுக்கிறது, பேக் அசையவே இல்லை. கதை அவ்வளவுதான், தாடையைத் தூக்கி அழுத்தத்தோடு ஆக்சிஜன் கொடுத்ததும் விட்டது. சொல்ல வந்தது வேறு.

ட்யூப் உணவுக்குழாய்க்குள் போனதைக் கவனிக்காமல் விடுவதைத் தடுக்க 2022-இல் வந்த பூமா (PUMA) வழிகாட்டுதலைப் படியுங்கள். குறைந்தது 7 மூச்சு அலை வர வேண்டும், உச்சி அடிக்கோட்டைவிட 7.5 மி.மீ. பாதரசமாவது உயர வேண்டும். வரவில்லையா, ட்யூபை எடுத்துவிட்டு மாஸ்க்கிலோ, குரல்வளைக்கு மேலே பொருந்தும் எல்.எம்.ஏ.விலோ மூச்சு கொடுப்பதுதான் முதல் வழி. எடுப்பதே ஆபத்து என்றால் மட்டும் லாரிங்கோஸ்கோப் போட்டுக் குரல்வளையைத் திரும்பப் பார்ப்பது, ட்யூபுக்குள் பிராங்கோஸ்கோப் விட்டுப் பார்ப்பது, அல்ட்ராசவுண்ட். பிராங்கோஸ்பாசத்தில் கோடு முழுசாகச் செத்துப்போவது அபூர்வம். சரியான ட்யூபென்றால் இதயம் நின்று சி.பி.ஆர். (நெஞ்சை அழுத்துவது) நடக்கும்போதுகூட ஏதோ ஒரு அலை வரும். ஆவி படிவதையும் ஸ்டெத்தில் கேட்பதையும் நம்பி உட்காராதீர்கள். யாரும் கேட்கவில்லை என்றாலும் சொல்கிறேன்: கேஸ் ஆரம்பிக்கும் முன்பே லைனில் ஒருமுறை ஊதிப் பாருங்கள். ட்யூப் போட்டதும் போட்டவர், உதவியாளர் இருவரும் "அலை வருகிறது" என்று வாய்விட்டுச் சொல்லுங்கள். செய்த கேஸ்களைப் பதியும் லாக்புக்கை அன்றன்றே எழுதுங்கள், மாதக் கடைசியில் எழுதுவதெல்லாம் கற்பனைதான். அப்புறம், இரவுப்பணி முடிந்ததும் வண்டி ஓட்டாதீர்கள்.

தூங்காத ரெசிடென்ட்
வேப்பரைசர் சார், ஸ்பாசம் என்றால் பேக் கல் மாதிரி இறுகியிருக்கும். எனக்குச் சுலபமாகத்தான் அமுங்கியது. ட்யூபை விடுங்கள். சார்ட்டைப் பற்றி நீங்கள் ஒரு வார்த்தையும் சொல்லவில்லையே?