புதுப்பிப்பு: ஷார்ட்வேவ் வயர் ஆண்டெனா, கட்டுவதா வாங்குவதா?

ஏற்காட்டில் 5 மெகாஹெர்ட்ஸுக்கு மேல் எல்லா பேண்டையும் கேட்க ஒரே ஆண்டெனா போதுமா, வாங்கலாமா என்பது முந்தைய கேள்வி. முடிவு: டி2எஃப்டி (முனைகளில் இணைந்த இரு இணைக் கம்பிகளைச் சாய்வாகக் கட்டும் ஆண்டெனா) வகையைக் கட்டுவதே மேல். சேலம் டவுனில் மொட்டை மாடி மட்டும் இருந்தால் லூப் (சிறிய வளைய ஆண்டெனா) வாங்குங்கள். அங்கே எல்இடி டிரைவர், இன்வெர்ட்டர் இரைச்சல்தான் பெரிய எதிரி.

நீளம் 20 மீட்டர், இரு கம்பிகளுக்கு நடுவே 60 செ.மீ. 1 சதுர மி.மீ. வீட்டு வயர், 90 மீட்டர் காயிலில் பாதி போதும். இடைவெளிக்கு பிவிசி பைப் துண்டுகள். மேல் கம்பியின் நடுவில் 680 ஓம் கார்பன் ரெசிஸ்டர். வயர்வவுண்ட் வேண்டாம், அது காயிலாகவும் வேலை செய்து மேல் பேண்டுகளைக் கெடுக்கும். 30 டிகிரி சாய்வில் கீழ் முனை 2 மீட்டரில் இருந்தால் மேல் முனை 12 மீட்டர்.

கீழ் கம்பியின் நடுவில் 9:1 டிரான்ஸ்ஃபார்மர் (9:1 என்பது இம்பிடன்ஸ், அதாவது மின்மறுப்பு விகிதம்; சுற்று விகிதம் 3:1): பிஎன்-73-202 என்ற இரு துளை ஃபெரைட் கோர், ஆண்டெனா பக்கம் 9 சுற்று, ஆர்ஜி-6 (டிவி கேபிள்) பக்கம் 3. இரு துளையிலும் போய்த் திரும்பினால்தான் ஒரு சுற்று. பலர் தவறுவது இங்கேதான்: ஒரு துளையில் போவதையே ஒரு சுற்று என எண்ணினால் பாதிச் சுற்றுகளே இருக்கும், கீழ் பேண்டுகள் மங்கிவிடும். இரு சுருள்களையும் இணைக்காதீர்கள். கேபிள் சுமந்து வரும் வீட்டு இரைச்சல் குறையும்.

சில்வர் ஓக் மரத்தில் இறுக்கிக் கட்டினால் காற்றில் அறுந்துவிடும். கப்பியில் கயிறு போட்டு எடை தொங்கவிடுங்கள். டிரான்ஸ்ஃபார்மர் வைக்கும் பெட்டியின் அடியில் சிறு துளை அவசியம், மூடுபனி ஈரம் வடிய. இடி கேட்டால் கேபிளை ரேடியோவிலிருந்து கழற்றிவிடுங்கள். மின்கம்பி அருகே கட்டவே கூடாது.