தானாகவே சரியாகிக்கொள்ளும் சிஸ்டம்: நீங்கள் நேரில் பார்த்ததுண்டா?

பிரிக்பீல்ட்ஸ், கோலாலம்பூர்

எங்களிடம் ஐந்து சர்வர்கள். இரவு ரிப்போர்ட்டை ஒரு நேரத்தில் ஒன்றுதான் தயாரிக்க வேண்டும். அதற்காக ஒரு டோக்கன், அதாவது 'இப்போது உன் முறை' என்ற அடையாளம், சர்வர்களிடையே சுற்றி வரும். இடி மழையில் மின்சாரம் விட்டு விட்டு வந்தால் சில நாள் டோக்கன் தொலைந்துபோகும், சில நாள் இரண்டாகிவிடும். ஒரு தீபாவளிக் காலை பசியாற உட்கார்ந்தவன், அப்படியே எழுந்து போய் ஐந்தையும் ரீஸ்டார்ட் செய்தேன். அம்மாவுக்கு ரொம்ப வருத்தம்.

அப்புறம்தான் 1974இல் கணினி அறிவியலாளர் டைக்ஸ்ட்ரா எழுதிய கட்டுரையைப் படித்தேன். இரண்டே பக்கம். அதில் டோக்கன் என்று தனியாக எதுவும் கிடையாது. வளையத்தில் ஒவ்வொரு கணினியிடமும் ஓர் எண், அவ்வளவுதான். முதல் கணினி, இடப்பக்கத்து எண்ணும் தன் எண்ணும் ஒன்றாக இருந்தால் தன்னுடையதில் ஒன்று கூட்டும் (கடைசி எண்ணுக்கு அடுத்து மறுபடி 0). அதன் இடப்பக்கம் இருப்பது வளையத்தின் கடைசிக் கணினி. மற்றவை, இடப்பக்கத்து எண் வேறாக இருந்தால் அதையே தானும் எடுத்துக்கொள்ளும். யார் எண்ணை மாற்ற வேண்டியிருக்கிறதோ, டோக்கன் அவரிடம். எல்லா எண்ணும் ஒன்றானால் முதல் கணினியின் முறை. இல்லையென்றால் மற்றவற்றில் ஏதாவது ஒன்று பக்கத்ததோடு ஒத்துப்போகாது, அதன் முறை. டோக்கன் தொலையவே வழியில்லை!

0 முதல் 6 வரை எண்களை வைத்துக்கொண்டு, ஐந்திலும் வேண்டுமென்றே தாறுமாறான எண்களைப் போட்டேன். சில சுற்றுகளில் ஒரே டோக்கன். விடிய விடியப் போட்டுப் பார்த்தேன், ஒரு தடவைகூடத் தவறவில்லை. ஆனால் சரியாகும் வரை இரண்டு பேரிடம் டோக்கன் இருக்கலாம். ரிப்போர்ட் இரண்டு வந்தால் பரவாயில்லை; பணப் பட்டுவாடாவுக்கு இதை மட்டும் நம்பிவிடாதீர்கள்.

பாயான் லெப்பாஸ், பினாங்கு

அண்ணே, எங்கள் தொழிற்சாலையில் ஒரு நாள் நெட்வொர்க் நின்றது. இரண்டு சுவிட்ச் (கணினிகளை இணைக்கும் பெட்டி) தள்ளி ஒரு கேபிள் அறுந்திருக்கிறது. நான் ஏணியைத் தேடி எடுப்பதற்குள் மாற்று வழியில் எல்லாம் ஓட ஆரம்பித்துவிட்டது. கணினி நிபுணர் ராடியா பெர்ல்மன் 1985இல் வகுத்த ஸ்பேனிங் ட்ரீ, அதாவது சுவிட்சுகள் தாங்களே வழியைத் தேர்ந்துகொள்ளும் முறை, செய்த வேலை அது. தலைமை சுவிட்ச் 2 வினாடிக்கு ஒருமுறை 'நான் இருக்கிறேன்' என்று சொல்லிக்கொண்டே இருக்கும். பழைய தகவல் காலாவதியாக 20 வினாடி, புது வழியைத் திறப்பதற்கு முன் 15, மறுபடி 15. ஆக 50. ஓயாமல் சொல்லிக்கொண்டிருப்பதால்தான் பொய்த் தகவல் எதுவும் நிலைப்பதில்லை என்று அன்றைக்குப் புரிந்தது.

சரி, உங்கள் ஐந்தில் ஒன்று அடியோடு நின்றுபோனால் வளையம் அறுந்துவிடுமே, அதை எப்படிச் சமாளித்தீர்கள்?