சர்ச்சில் நடந்த கல்யாணம், விவாகரத்துக்கு எங்கே போவது?

தக்கலைக்காரன்:
அக்காவுக்கு மார்த்தாண்டத்தில் கத்தோலிக்க முறைப்படி கல்யாணம் நடந்தது. ஒன்றரை வருஷமாக எங்கள் வீட்டில்தான் இருக்கிறாள், அத்தான் பெங்களூரில். பிரிய இரண்டு பேருக்கும் சம்மதம். மறைமாவட்டத் தீர்ப்பாயத்தில், அதாவது ஆயருக்குக் கீழே இருக்கும் சபை நீதிமன்றத்தில், எழுதிக் கொடுத்தால் போதும் என்கிறார்கள் சொந்தக்காரர்கள். உண்மையா?

குழித்துறை அக்கா:
போதாது தம்பி, தயவுசெய்து அதை மட்டும் நம்பி இன்னொரு கல்யாணம் பேசாதீர்கள். சபை தரும் தீர்ப்பு சபைக்குள்தான், சட்டப்படி அவள் இன்னும் மனைவிதான். நீதிமன்றத் தீர்ப்பு வேண்டும். கிறிஸ்தவர்களுக்கு 1869ஆம் வருஷ விவாகரத்துச் சட்டம், அதில் 10 ஏ பிரிவுதான் சம்மத விவாகரத்து. இந்து திருமணச் சட்டத்தில் 1 வருஷம் பிரிந்திருக்க வேண்டும், இதில் 2 வருஷம் என்று எழுதியிருக்கிறது. கேரள உயர் நீதிமன்றம் 2010இல் அதை 1 வருஷமாகக் குறைத்தது, ஆனால் நாம் இருப்பது தமிழ்நாட்டில், அதனால் வக்கீலிடம் கேட்டுவிட்டு மனு போடுங்கள். போட்ட பிறகும் 6 மாதம் காத்திருக்க வேண்டும்.

தக்கலைக்காரன்:
பெங்களூருக்கு அலைய வேண்டுமா அக்கா? வக்கீல் ஃபீஸ் வேறு இருக்கிறதே.

நாகர்கோவில் வாசகர்:
வேண்டாம். கல்யாணம் நடந்த இடம் இங்கே என்பதால் நம் மாவட்டத்திலேயே போடலாம். நாகர்கோவிலில் இருக்கும் மாவட்ட சட்டப் பணிகள் ஆணைக்குழுவில் பெண்களுக்கு வருமானம் பார்க்காமல் இலவசமாக வக்கீல் தருவார்கள். அப்புறம், போட்ட நகை, குழந்தை இருந்தால் யாரிடம் வளரும், ஜீவனாம்சம், எல்லாவற்றையும் மனுவிலேயே எழுதச் சொல்லுங்கள். வாய்ப்பேச்சை நம்பிக் கையெழுத்துப் போட்டு என் தங்கை 40 பவுனுக்கு இன்றும் அலைகிறாள்.