வெசிக்கிளுக்கு நுண்பையா, சிமிழா?

திருவையாற்று ஐயாவுக்கும் மன்னார்குடி அக்காவுக்கும் வணக்கம்.

முதுகலை வேதியியல் பிள்ளைகளுக்கான செய்முறைக் குறிப்பு திங்கட்கிழமை அச்சுக்குப் போக வேண்டும், 'வெசிக்கிள்' என்பதற்குத் தமிழில் என்ன சொல் என்று முடிவாகாமல் மூன்று நாளாக முதல் வரியிலேயே நிற்கிறோம். ஐயா 'குமிழி' என்கிறார், அக்கா 'நுண்பை' என்கிறார், நான் 'சிமிழ்' என்கிறேன். மஞ்சளிலுள்ள ஆக்சிஜனேற்றத் தடுப்பியான குர்குமினை லெசித்தின் வெசிக்கிளில் ஏற்றிக் கெடாமல் வைப்பது, இதுதான் பாடம். லெசித்தின் என்ற கொழுப்புப்பொருள் தண்ணீரில் ஈரடுக்குச் சவ்வாக மூடிக்கொண்டு, நடுவில் நீரை வைத்து உண்டாக்கும் மிக நுண்ணிய உருண்டைதான் வெசிக்கிள்.

ஐயா சொல்லும் 'குமிழி' எல்லாருக்கும் புரியும், மறுக்கவில்லை. ஆனால் குமிழி என்றால் உள்ளே காற்று, தொட்டால் உடையும். தருமபுரத்து மாசிலாமணி தேசிகரைக் குருவாகக் கொண்ட குமரகுருபரரே 'நீரிற் குமிழி இளமை' என்று நிலையாமைக்குத்தான் அதை எடுத்தாண்டார். நாமோ கொலஸ்டிரால் சேர்த்துச் சவ்வை இறுக்கி, ஒன்றோடொன்று ஒட்டாமல், கசியாமல் நிற்க வைக்கப் பாடுபடுகிறோம். அதற்குப் போய்க் குமிழி என்று பேர் வைப்பதா?

அக்காவின் 'நுண்பை' நேர்ச்சொல். இலத்தீனில் வெசிக்கா என்றால் நீர்ப்பை, அதன் சிறு வடிவம்தான் வெசிக்கிள். சரி. ஆனால் பை என்றதும் உள்ளே போட்டு வாயைக் கட்டுவதுதான் மனதில் வருகிறது, குர்குமின் அப்படி இருப்பதில்லையே. அது தண்ணீரில் கரையாது, ஆகவே நடுவிலுள்ள நீரில் தங்காமல் ஈரடுக்குச் சவ்விலுள்ள லெசித்தின் மூலக்கூறுகளின் கொழுப்பு வால்களுக்கிடையில் போய்ப் புகுந்துகொள்கிறது, நம் பக்கத்துக் கூரைவீட்டில் எரவாணத்தில் கருக்கரிவாளைச் செருகி வைப்போமே, அந்த மாதிரி. இருப்பது வீட்டுக்குள் இல்லை, கூரைக்குள்.

அதனால்தான் சிமிழ் என்கிறேன். குங்குமச் சிமிழை மட்டும் நினைக்காதீர்கள். 'வேட்டுவன் புள்சிமிழ்த் தற்று' என்று குறள் 274 சொல்லும்போது சிமிழ்த்தல் என்பது வலையில் பிணிப்பது. சவ்வில் சிக்காத குர்குமின் மஞ்சளாக அடியில் படியும், சிக்கியது எத்தனை விழுக்காடு என்றுதானே பிள்ளைகள் கணக்கிடப் போகிறார்கள்? அதைச் 'சிமிழ்ப்புத்திறன்' என்றால் பெயரும் வினையும் ஒரே வேரில் நிற்கும்.

சிமிழ் என்றால் மூடியும் கடினமும் நினைவுக்கு வரும், சவ்வோ குழைவானது என்று அக்கா சொன்ன தடை நியாயமானது. பெரும்பாலோர் நுண்பை பக்கம் சாய்ந்துவிட்டீர்கள், நாளும் இல்லை, அப்படியே அனுப்புகிறேன். சிமிழ்ப்புத்திறனை மட்டும் எடுத்துவிடாதீர்கள். நுண்பை எனக்கு இன்னும் ஒட்டவில்லை.