ஒத்தெல்லோ கறுப்பரா, அரபியரா? ‘மூர்’ என்பதைத் தமிழில் எப்படிச் சொல்வது?

கொள்ளிடக்கரை:
கும்பகோணத்தில் கல்லூரிப் பிள்ளைகள் ஷேக்ஸ்பியரின் ‘ஒத்தெல்லோ’ நாடகத்தைத் தமிழில் போடுகிறார்கள். நாயகன் ஒத்தெல்லோவை மூலம் ‘மூர்’ என்கிறது; வட ஆப்பிரிக்க முஸ்லிம்களையும் கறுப்பர்களையும் ஐரோப்பியர் அப்படி அழைத்தார்கள். அது வரும் இடமெல்லாம் ‘சோனகன்’ (அரபியரையும் கடற்கரை முஸ்லிம்களையும் குறிக்கும் பழைய சொல்) என்று எழுதியிருக்கிறார்கள். நாகூர்ப் பக்கம் பழகிய சொல், பொருந்தும் என்கிறது ஒரு கட்சி. அவன் ஆப்பிரிக்கக் கறுப்பன், சொல்லே தப்பு என்கிறது இன்னொரு கட்சி. மூலத்தில் என்னதான் இருக்கிறது? முகத்துக்குக் கறுப்பு பூசலாமா?

அரசலாறு:
‘சோனகன்’ வேண்டாங்க. போர்ச்சுகீசியர் நம் கடற்கரை முஸ்லிம்களை ‘மூர்’ என்றே அழைத்தார்கள். குழப்பம் அங்கிருந்து வருகிறது. ஒத்தெல்லோ கிறிஸ்தவர். இரண்டாம் அங்கம் மூன்றாம் காட்சியில், மனைவி டெஸ்டிமோனாவுக்காக ஞானஸ்நானத்தையே துறப்பார் என்று, அவரைக் கெடுக்கும் இயாகோ சொல்கிறான்.

நிறத்துக்கு வசைகளை மட்டும் நம்பாதீர்கள். டெஸ்டிமோனாவை விரும்பும் ரோடரிகோவின் ‘தடித்த உதட்டுக்காரன்’, அவள் தந்தை பிரபான்ஷியோவின் ‘கரி படிந்த மார்பு’ எல்லாம் எதிரிகள் பேச்சு. ஆனால் மூன்றாம் அங்கம் மூன்றாம் காட்சியில் ‘நான் கறுப்பாக இருப்பதாலோ’ என்று அவரே யோசிக்கிறார். அதுதான் கனமான சான்று. அதிலும் ஒரு சிக்கல்: அந்தக் கால ஆங்கிலத்தில் மாநிறத்தாரையும் கறுப்பு என்பார்கள்.

ஷேக்ஸ்பியரே இந்தச் சொல்லை இரண்டு விதமாகவும் கையாள்கிறார். ‘டைட்டஸ் ஆண்ட்ரோனிக்கஸ்’ ஆரன் சுருட்டை முடிக் கரிய மூர். ‘வெனிஸ் வணிகன்’ மொராக்கோ இளவரசன் பழுப்பு மூர். 1600-இல் மொராக்கோ தூதர் அப்துல் வாகித் லண்டனில் மாதக்கணக்கில் தங்கியிருந்தார். ‘ஒத்தெல்லோ’ அரண்மனையில் நடிக்கப்பட்டது 1604 நவம்பர் 1-இல். தூதர்தான் முன்மாதிரி என்று அடித்துச் சொல்ல முடியாது.

வெண்ணாறு:
மொரிட்டானியா (வடமேற்கு ஆப்பிரிக்க மூர்களின் நாடு) வரியைச் சான்றாகக் காட்டுவார்கள், ஏமாறாதீர்கள். நான்காம் அங்கத்தில் ‘அவர் மொரிட்டானியா போகிறார்’ என்பது ரோடரிகோவை ஏய்க்க இயாகோ அவிழ்க்கும் பொய். உண்மையில் வெனிஸுக்குத் திரும்பச் சொல்லித்தான் கடிதம் வந்திருக்கிறது.

கடைசிப் பேச்சில், அருமை தெரியாமல் முத்தை எறிந்தவனோடு ஒத்தெல்லோ தன்னை ஒப்பிடுகிறார். அவன் 1622 பதிப்பில் ‘இந்தியன்’, 1623 பதிப்பில் ‘யூதேயன்’. எந்தப் பதிப்பை வைத்து மொழிபெயர்த்தார்கள் என்று பாருங்கள். இந்தியன் என்றாலும் அது உவமைதான், ஒத்தெல்லோவின் ஊர் அல்ல. நம்மாட்கள் இதைப் பிடித்துக்கொண்டு நம்மூர்க்காரர் ஆக்கிவிடுவார்கள்!

கொள்ளிடக்கரை:
சரி, சாயம்?

அரசலாறு:
பூசாதீர்கள். வெள்ளை நடிகர்களில் 1814-இல் எட்மண்ட் கீன் பழுப்பு பூசினார், 1964-இல் லாரன்ஸ் ஒலிவியே கருமை பூசினார். கறுப்பின நடிகர்கள் ஐரா ஆல்ட்ரிட்ஜ் 1833-இலும் பால் ராப்சன் 1930-இலும் சொந்த நிறத்திலேயே லண்டனில் நடித்துவிட்டார்கள். நடைமுறையிலும் தொல்லை: நம் புழுக்கத்தில் வியர்வையோடு வழியும், தழுவும் காட்சியில் டெஸ்டிமோனாவின் உடையில் ஒட்டும், கைக்குட்டையும் கறையாகும். அந்தக் கைக்குட்டைதானே கதையின் அச்சாணி.

இன்னொன்று. பாதி அரங்கமே மாநிறமும் கறுப்புமாக உட்கார்ந்திருக்கும் தஞ்சை வட்டாரத்தில், சிவந்த டெஸ்டிமோனா, கறுத்த ஒத்தெல்லோ என்று நிறுத்தினால் சனங்கள் அதைச் சாதிக் கதையாகத்தான் படிப்பார்கள். அது உங்கள் நோக்கமானால் சரி. இல்லையென்றால் அந்நியத்தைப் பேச்சில் காட்டுங்கள்: மற்றவர்கள் கொச்சையில் பேசட்டும், அவர் மட்டும் பின்னால் கற்றுக்கொண்டவர் மாதிரி அளந்தெடுத்த செந்தமிழில் பேசட்டும்.

வெண்ணாறு:
‘மூர்’ என்றே வையுங்கள். முதல் காட்சியில் அவர் பெயரே யாரும் சொல்வதில்லை. முதல் அங்கம் மூன்றாம் காட்சியில் வெனிஸை ஆளும் டியூக்தான் முதலில் ‘ஒத்தெல்லோ’ என்கிறார். அதுவரை ‘மூர்’ வசையாக விழ வேண்டும், ‘தடித்த உதட்டுக்காரன்’ வரியை வெட்டாமல் விட்டாலே விழும்.