ரெயின்போ நகர் வீட்டுத் துவைக்கிற ரூமுக்கு ஷெல்ஃப்

குழு: நம்ம குடும்பம்

சனிக்கிழமை, காலை 7:10

கவிதா: எல்லோருக்கும் காலை வணக்கம். பின்பக்கம் வாஷிங் மெஷின் இருக்கிற ரூமுக்கு ஷெல்ஃப் போடப் போகிறோம். 7 அடி நீளம், 5 அடி அகலம், ஒரு ஜன்னல். இப்போது துணி ஒரு பக்கம், சோப்பு ஒரு பக்கம், கிளிப் ஜன்னல் மேல் என்று கிடக்கிறது. ஒரு படம் பிடித்துப் போனது, பாருங்கள்.

கவிதா: [படம்]

அருண்: அக்கா சூப்பர். தரையிலிருந்து சீலிங் வரை வெள்ளைக் கதவு, மெஷின் இருப்பதே தெரியவில்லை.

மஞ்சு சித்தி: படத்தில் அழகுதான் கவிதா. ஆனால் அந்த ஊரில் ஐப்பசி மழை இருக்காது. நம் பக்கம் கதவு போட்டு மூடினால் கார்த்திகைக்குள் உள்ளே பூஞ்சை வாசம் வந்துவிடும். தேவனாம்பட்டினத்தில் எங்கள் வீட்டில் மூடி வைத்த எதுவும் தப்பவில்லை. சுத்தமாகத் துவைத்து மடித்து வைத்த துண்டு கூட எடுத்தால் ஈர வாசம்.

பெரியப்பா: என்ன பலகை சொன்னார்கள் மா?

கவிதா: ரெடிமேட் கடையில் கேட்டேன் பெரியப்பா. பிரீ-லேமினேட்டட் பார்ட்டிகிள் போர்டு என்றார்கள். பார்க்க நன்றாக வழவழவென்று இருந்தது.

பெரியப்பா: அது வேண்டாம் மா. மரத்தூளையும் பசையையும் அழுத்திச் செய்த பலகை அது. மேலே லேமினேட் இருப்பதால் நடுவில் ஒன்றும் ஆகாது. ஆனால் ஸ்க்ரூ போகிற ஓட்டை வழியாகவும் ஓரத்து டேப் விட்ட இடத்திலும் ஈரம் ஏறும். ஏறினால் ஓரம் ஊதும், ஊதிய இடத்தில் கீல் பிடிப்பு விட்டுவிடும், கதவு தொங்கும். மர நாரை அழுத்திச் செய்கிற எம்.டி.எஃப். பலகைக்கும் அதே கதைதான். பிளைவுட் என்றாலும் மேலே அச்சடித்த ஐ.எஸ். தர எண்ணைப் பார்க்க வேண்டும். ஐ.எஸ். 303 என்றால் சாதாரண வீட்டு உபயோகம். அதிலேயே எம்.ஆர். (ஓரளவு ஈரம் தாங்குவது), பி.டபிள்யூ.ஆர். (கொதிநீரும் தாங்குவது) என்று இரண்டு தரம் உண்டு, எம்.ஆர். போட்டது ஈர ரூமுக்கு ஆகாது. ஐ.எஸ். 710 என்று இருந்தால்தான் தண்ணீரை நன்றாகத் தாங்குகிற மரைன் பிளை. கடைக்காரர் வாயால் மரைன் என்று சொல்வதைக் கணக்கில் எடுக்காதே. பலகையைத் திருப்பி நீயே பார்.

கவிதா: அப்படியென்றால் மரமே வேண்டாமா பெரியப்பா?

பெரியப்பா: கீழே கடப்பா கல் போடு. மேலே மரம் வைத்துக்கொள்ளலாம்.

விமலா அத்தை: கடப்பாவா! அது பழைய காலத்து சமையலறை மாதிரி இருக்குமே அண்ணா.

பெரியப்பா: ஓரம் பாலிஷ் போடாமல் விட்டால் அப்படித்தான் இருக்கும் விமலா. முன் ஓரத்தை மட்டும் நன்றாக பாலிஷ் போட்டு, பின்னால் வெள்ளை டைல்ஸோ மஞ்சள் பெயிண்டோ இருந்தால் அந்தக் கறுப்பு எடுப்பாகத் தெரியும். ஈரத்தில் ஊதாது, கரையான் தொடாது, துருப்பிடிக்காது. கடற்கரை ஊருக்கு அதைவிட என்ன வேண்டும்?

அருண்: புதுச்சேரி மஞ்சள் சுவர், கறுப்புக் கல். அக்கா, நான் இதற்கு ஓட்டுப் போடுகிறேன்.

பிரபு: மாமா, வணக்கம். கடப்பா எடை தாங்குமா? சுவரில் செருக வேண்டுமா?

பெரியப்பா: வணக்கம் மாப்பிள்ளை. கல்லின் எடையை முதலில் பார்ப்போம். 5 அடி நீளம், 2 அடி அகலம், 20 மில்லிமீட்டர் கனம் என்றால் கல்லே சுமார் 50 கிலோ வரும். ஒரே கல்லாகப் போட வேண்டாம். கடப்பா அழுத்தத்தைத் தாங்கும், ஆனால் நீளமாக அந்தரத்தில் நின்றால் நடுவில் விரிசல் விடும். இரண்டரை அடிக்கு ஒரு துண்டு. நடுவில் ஒரு கடப்பாவை நிறுத்திவைத்துத் தாங்கல் கொடுங்கள். இரு பக்கச் சுவரிலும் காடி வெட்டிச் செருகினால் போதும். நடுக்கல்லுக்கு இடது பக்கம் மெஷின், வலது பக்கம் கூடைகள். மெஷின் 60 சென்டிமீட்டர், இரண்டரை அடி என்றால் 76. இரண்டு பக்கமும் கை போக இடம் இருக்கும்.

கவிதா: ஆகா, மெஷின் மேலே கல் வந்தால் அங்கேயே துணி மடிக்கலாம்!

மஞ்சு சித்தி: அதுதான் எனக்கும் பிடித்தது. கட்டிலில் போட்டு மடித்தால் முதுகு போய்விடுகிறது.

காலை 9:35

பிரபு: இன்னொன்று. 2024 நவம்பரில் ஃபெஞ்சல் புயல் வந்தபோது பின் ரூமில் கணுக்கால் வரை தண்ணீர் நின்றது. மெஷினுக்கு மேடை போட்டுவிடலாம் என்று நினைக்கிறேன்.

பெரியப்பா: கட்டாயம் போடுங்கள். 6 அங்குலம், செங்கல் வைத்து மேலே கான்கிரீட். மரத்திலோ இரும்புக் கம்பியிலோ ஸ்டாண்ட் வேண்டாம், மெஷின் சுற்றும்போது அது நடுங்கும். மேடையில் இன்னொரு நன்மையும் இருக்கிறது. ஃபிரண்ட் லோடு மெஷினில் முன்பக்கம் கீழே ஒரு சின்ன மூடி இருக்கும், அதற்குள்தான் ஃபில்டர். திறந்தால் உள்ளே நிற்கிற தண்ணீர் கொட்டும். உயரத்தில் இருந்தால் அடியில் ஒரு தட்டு வைத்துப் பிடித்துக்கொள்ளலாம்.

பிரபு: அப்போது கல் எவ்வளவு உயரத்தில் வரும்?

பெரியப்பா: மெஷின் 85 சென்டிமீட்டர், அதாவது முப்பத்து மூன்றரை அங்குலம். மேடை 6. ஒன்றரை அங்குலம் இடைவெளி, கல் முக்கால் அங்குலம். ஏறக்குறைய 42 அங்குலம், மூன்றரை அடி. நின்று மடிக்க கவிதாவுக்குச் சரியாக இருக்கும்.

விமலா அத்தை: எங்கள் வீட்டில் டாப் லோடு. நானும் இப்படிக் கல் போடலாமா?

பெரியப்பா: உனக்கு மெஷின் மேல் கல் வராது விமலா, மூடி மேலே திறக்க வேண்டுமே. மூடியை முழுதாகத் திறந்து நிறுத்தி, அதன் நுனி எங்கே வருகிறதோ அங்கே சுவரில் பென்சிலால் கோடு போடு. முதல் தட்டு அந்தக் கோட்டுக்கு மேலே.

விமலா அத்தை: சரி அண்ணா, மதியம் அளந்துவிடுகிறேன்.

அருண்: மேல் தட்டுகளுக்கு நான் ஒன்று சொல்லவா? ஆயா வீட்டில் பின்கட்டு ஓடு பிரித்தபோது எடுத்து வைத்த தேக்குச் சட்டங்கள் மாட்டுக் கொட்டகையில் கிடக்கின்றன. அறுத்துப் பலகையாக்கி இழைத்தால் உள்ளே அந்தத் தேன் நிறம் வரும். கறுப்புக் கல்லுக்கு மேலே, மஞ்சள் சுவரில் இரண்டு தேக்குப் பலகை. அந்த வெள்ளைக் கதவை விட இது அழகாக இருக்கும் அக்கா.

கவிதா: ஆயா கொடுப்பார்களா?

மஞ்சு சித்தி: பக்கத்தில்தான் இருக்கிறார்கள், கேட்டேன். "பேத்தி வீட்டுக்குப் போகட்டும், இங்கே மழையில் வீணாகிறது" என்று சொல்கிறார்கள். அறுக்கும் முன் ஆணி எல்லாம் பிடுங்கச் சொல்கிறார்கள், பழைய சட்டத்தில் உள்ளே உடைந்த ஆணி இருக்குமாம்.

கவிதா: ஆயாவுக்கு என் முத்தம்.

பெரியப்பா: தேக்கு நல்ல யோசனை அருண். பாலிஷை இரண்டு முகத்துக்கும் அடிக்க வேண்டும். மேல் பக்கம் மட்டும் அடித்தால் அடிப்பக்கம் ஈரத்தை இழுத்துப் பலகை வளையும். ஒரு அடி அகலம் போதும். கீழே கல் 2 அடி நீண்டிருக்கும், மேலேயும் 2 அடி நீட்டினால் தலை இடிக்கும், உள்ளே வைத்த பொருளும் கைக்கு எட்டாது. சுவரோடு ஒட்டாமல் அரை அங்குலம் விடுங்கள், காற்று போகும். முன் ஓரத்தில் ஒரு விரல் உயரத்துக்குத் தடுப்புச் சட்டம். மெஷின் நிமிடத்துக்கு 1200, 1400 சுற்று வேகத்தில் பிழியும்போது சுவரே லேசாக அதிரும். லிக்விட் பாட்டில் மெல்ல மெல்ல ஓரத்துக்கு நகர்ந்து வந்துவிடும்.

பிரபு: பலகையைத் தாங்குகிற பிராக்கெட் எஸ்.எஸ்., அதாவது ஸ்டெயின்லெஸ் ஸ்டீலில் வாங்கலாமா மாமா? காந்தம் ஒட்டாவிட்டால் நல்ல எஸ்.எஸ். என்று ஒருவர் சொன்னார்.

பெரியப்பா: அது பாதி உண்மை மாப்பிள்ளை. 202 தரத்திலும் காந்தம் ஒட்டாது, 304 தரத்திலும் ஒட்டாது. உப்புக் காற்றில் 202 சீக்கிரம் புள்ளி புள்ளியாகத் துரு காட்டும். பில்லில் 304 என்று எழுதி வாங்குங்கள். கடலை ஒட்டிய மஞ்சு வீட்டுக்கு என்றால் 316 சொல்வேன், அதில் மாலிப்டினம் சேர்ந்திருப்பதால் உப்பை நன்றாகத் தாங்கும். ரெயின்போ நகருக்கு 304 போதும், அவ்வப்போது நல்ல தண்ணீரில் துணி நனைத்துத் துடைத்தால் சரி. பிராக்கெட் எஸ்.எஸ். வாங்கிவிட்டு ஸ்க்ரூவை மட்டும் இரும்பில் போடுகிறவர்கள் நிறையப் பேர். துரு அங்கேதான் ஆரம்பிக்கும், தேக்குப் பலகையில் கறுப்பாகக் கறை இறங்கும். ஸ்க்ரூவும் எஸ்.எஸ். ஆகவே இருக்கட்டும்.

மாலை 4:20

கவிதா: அலங்காரத்துக்கு ஒரு யோசனை. பழைய பீங்கான் ஊறுகாய் ஜாடி இரண்டு இருக்கின்றன. சோப்புத் தூளை அதில் போட்டுத் தேக்குப் பலகை மேல் வைத்தால் நன்றாக இருக்குமா?

மஞ்சு சித்தி: ஜாடி வை, ஆனால் சோப்புத் தூள் வேண்டாம் மா. பார்த்தால் உப்பு மாதிரியே இருக்கும். வீட்டுக்கு வருகிறவர்கள், குழந்தைகள், யாராவது உணவு ஜாடி என்று நினைத்துக் கை விட்டால்? சாப்பாட்டுப் பாத்திரத்தில் சோப்பு வைக்கிற பழக்கமே வேண்டாம். தூள் அதன் டப்பாவிலேயே, மேலே எழுதிய பெயரோடு இருக்கட்டும். ஜாடியில் கிளிப் போடு, இன்னொன்றில் பட்டனும் ஊசி நூலும்.

கவிதா: இது எனக்குத் தோன்றவில்லை சித்தி. கிளிப்தான் இனி.

அருண்: கிளிப்புக்கு வில்லியனூர் சுடுமண் கிண்ணம் இன்னும் நன்றாக இருக்கும். ஜாடியில் பட்டன் போடுங்கள்.

மஞ்சு சித்தி: குட்டிக்கு மூன்று வயதுதானே? லிக்விடும், சின்னச் சின்னப் பொட்டலமாக வருகிற அந்தக் கலர் கலரான சோப்பு பாட் வகையும் மேல் பலகையில். ஐந்து லிட்டர் கேனை மட்டும் மேலே ஏற்றாதே, ஐந்து கிலோவுக்கு மேல் எடை, தலைக்கு மேலிருந்து இறக்கக் கூடாது. அதை வெளியே பூட்டுகிற அலமாரியில் வைத்துவிட்டு, சின்ன பாட்டிலில் மாற்றாமல் சின்ன பாட்டிலாகவே வாங்கி மேலே வை.

பெரியப்பா: மஞ்சு சொல்வதோடு ஒன்று சேர்க்கிறேன். டாய்லெட் கழுவுகிற ஆசிட் அந்த ரூமுக்குள்ளேயே வரக் கூடாது. கடப்பா சுண்ணாம்புக் கல் வகை. ஒரு சொட்டு சிந்தினால் நுரைத்து வெள்ளையாகத் தழும்பு விழும், அப்புறம் பாலிஷ் போட்டால்தான் போகும். மூடி சரியாக இறுகாவிட்டால் அந்தப் புகை எஸ்.எஸ்., மெஷின் உடம்பு எல்லாவற்றையும் அரிக்கும். ப்ளீச்சோடு கலந்துவிட்டால் குளோரின் வாயு வரும், சின்ன ரூமில் மூச்சு முட்டிவிடும். ப்ளீச் இங்கே, ஆசிட் குளியலறையில். சேர்த்து வைக்கவே வேண்டாம்.

கவிதா: இன்றே எடுத்து மாற்றிவிடுகிறேன் பெரியப்பா.

விமலா அத்தை: கூடைக்கு என்ன வாங்கப் போகிறாய்? பிரம்புக் கூடை வைத்தால் பார்க்க லட்சணமாக இருக்கும்.

மஞ்சு சித்தி: அழுக்குத் துணிக்குப் பிரம்பு வேண்டாம். வேர்வைத் துணியும் மழை ஈரமும் சேர்ந்தால் பிரம்பில் பச்சை படியும். ஓட்டை போட்ட பிளாஸ்டிக், இல்லையென்றால் நம் ஊர் வயர் கூடை. வயர் கூடை பின்னுகிறவர்களிடம் சொன்னால் கேட்ட நிறத்தில், கேட்ட அளவில் கிடைக்கும். மஞ்சளும் கறுப்பும் சொல். வெள்ளைக்கு ஒன்று, கலருக்கு ஒன்று, இஸ்திரிக்குப் போகிறது ஒன்று. பிரம்பை மேல் பலகையில் மடித்த துண்டுக்கு வைத்துக்கொள், அது காய்ந்த இடம்தானே.

கவிதா: வயர் கூடையை நினைக்கவே இல்லை! சண்டே மார்க்கெட்டில் பார்த்திருக்கிறேன். நாளைக்குக் காந்தி வீதிப் பக்கம் போய் வருகிறேன்.

அருண்: மழைக்காலத்துக் காயப்போட என்ன ஏற்பாடு? அக்டோபரில் தொடங்கினால் டிசம்பர் வரை மாடி கிடைக்காதே.

பிரபு: சீலிங்கில் கப்பி வைத்த ஹேங்கர். கயிற்றை அவிழ்த்தால் ஒவ்வொரு பைப்பாக இறங்கும், துணி போட்டு மேலே ஏற்றிக் கட்டலாம். 7 அடி நீளத்துக்குப் போட நினைத்தோம்.

பெரியப்பா: 7 அடி வேண்டாம் மாப்பிள்ளை. 5 அடி பைப் போட்டு, ஷெல்ஃப் இருக்கிற சுவரிலிருந்து ஒன்றரை அடி தள்ளித் தொடங்குங்கள். இல்லையென்றால் ஈரப் பெட்ஷீட் தேக்குப் பலகையில் சொட்டும். பிளக் பாயிண்ட்டுக்கு நேர் மேலே எந்தப் பைப்பும் வரக் கூடாது. ஜன்னலுக்கு எதிர்ச் சுவரில் உயரத்தில் ஒரு எக்ஸாஸ்ட் ஃபேன் இருந்தால்தான் உள்ளே துணி காயும். அது இல்லாமல் எத்தனை ஷெல்ஃப் போட்டாலும் ஈரம் அங்கேயே சுற்றும். காசு குறைந்தால் இரண்டாவது பலகையை விட்டுவிடுங்கள், ஃபேனை விட வேண்டாம்.

பிரபு: சரி மாமா. ஃபேன் முதலில்.

பெரியப்பா: அப்புறம், காடி வெட்டும் முன் சுவருக்குள் பைப்பும் வயரும் எங்கே போகின்றன என்று பார்த்தீர்களா? மெஷின் குழாய் எந்த உயரத்தில் இருக்கிறது?

மாலை 5:05

பிரபு: அளந்தேன். குழாய் சரியாக 3 அடி 5 அங்குலத்தில். கல் வருகிற இடத்திலேயே.

கவிதா: அய்யோ. கல்லை இறக்க முடியாது, மேடை இருக்கிறதே.

பெரியப்பா: கல் அங்கேயே இருக்கட்டும், குழாயை மேலே ஏற்றுங்கள். நான்கே கால் அடிக்குக் கொண்டு போனால் கல்லுக்கு மேலே கைக்கு எட்டும் இடத்தில் வரும். வெளியூர் போகும்போது திருகி மூடிவிட்டுப் போகலாம், கீழே குனிந்து தேட வேண்டாம். கல்லின் பின் மூலையில் இரண்டு அங்குலத்துக்கு வெட்டு விடச் சொல்லுங்கள், ஹோஸும் பிளக் வயரும் அதில் இறங்கட்டும். கல் அறுக்கும் முன்பே சொல்லிவிட வேண்டும், பொருத்திய பிறகு வெட்டினால் மூலை உடையும்.

பிரபு: அப்போது பிளம்பர் முதலில், எலெக்ட்ரீஷியன் அடுத்து, கல்லுக்கு அதற்குப் பிறகுதான் ஆர்டர்.

பெரியப்பா: ஆமாம். அந்தச் சுவரை ஒரு போட்டோ எடுத்து, குழாயிலிருந்து இரண்டு பக்கச் சுவருக்கும் எவ்வளவு தூரம் என்று அதிலேயே எழுதி அனுப்புங்கள். வெட்டு எந்த மூலையில் என்று இரவு சொல்கிறேன்.

கவிதா: குட்டி தூங்கியதும் எடுத்து அனுப்புகிறேன் பெரியப்பா. அருண், தேக்கு அறுக்க நீளம் 4 அடி 11 அங்குலம், இரண்டு பலகை. பக்கச் சுவரை உரசக் கூடாது.

அருண்: குறித்துக்கொண்டேன் அக்கா. திங்கட்கிழமை ஆயா வீட்டுக்குப் போகிறேன், கையில் ஆணி பிடுங்கி எடுத்துப் போகிறேன்.